மேம்பாலம் கேட்பதற்கு முன் கடக்க இடம் கேளுங்கள்: தாம்பரம் சாலைகளும் ஒரு நலச்சங்க மனுவும்

மேற்குத் தாம்பரத்தில் குடியிருப்போர் நலச்சங்கப் பொறுப்பில் இருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "ஜி.எஸ்.டி. சாலையிலும் எங்கள் உள்சாலைகளிலும் விபத்துகள் நின்றபாடில்லை. மேம்பாலம் வேண்டும், சாலையை அகலப்படுத்த வேண்டும், தெருவுக்குத் தெரு வேகத்தடை வேண்டும் என்று மனு தயாராக வைத்திருக்கிறோம். இவை கிடைத்தால் விபத்து குறையுமா? குறையாது என்றால் எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது?"

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். மேம்பாலமும் அகலச் சாலையும் ஊரைத் தாண்டிப் போகிற வண்டிகளுக்கு உதவும். ஊருக்குள் நடந்து போகிறவருக்கும், பிள்ளையை ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கூட்டிப் போகிறவருக்கும் அவற்றால் ஆபத்து குறையாது, சில இடங்களில் கூடவும் செய்யும். வேகத்தடை சரியான அளவில், சரியான தெருவில் போட்டால் நல்லது. ஆனால் உங்கள் மனுவின் முதல் வரியாக இருக்க வேண்டியது வேறு. ரயில் நிலைய வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும், தரையிலேயே, சிக்னலோடு சாலையைக் கடக்க ஒரு இடம் வேண்டும். அந்த இடத்தில் வண்டிகளின் வேகம் குறைந்தே ஆக வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் தாம்பரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையை ஒட்டித்தான் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் குடியிருப்புகளாக வளர்ந்தன. அதே ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே, கிட்டத்தட்ட இணையாக, ஜி.எஸ்.டி. சாலை ஓடுகிறது. தென் மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வருகிற முக்கிய வழி அது. ஆக ஒரு ரயில் பாதையும் ஒரு நெடுஞ்சாலையும் சேர்ந்து ஊரை நெடுக இரண்டாகப் பிரித்துவிட்டன. கிழக்கே ஒரு பாதி, மேற்கே ஒரு பாதி. ரயில் நிலையத்திலிருந்து மேற்கு வாசலில் வெளியே வந்தால் எதிரே நெடுஞ்சாலை. பேருந்து பிடிக்க, முடிச்சூர் பக்கம் போக, கடைக்குப் போக, ஆஸ்பத்திரிக்குப் போக, எதற்கும் அதைக் கடந்தாக வேண்டும். இங்கே சாலையைக் கடப்பது எப்போதோ ஒரு சிலர் செய்கிற காரியமில்லை. இந்த ஊரின் அன்றாட வாழ்க்கையே அதுதான். ஆனால் சாலையின் வடிவமைப்பு இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. திண்டிவனத்திலிருந்து வருகிற பேருந்துக்கு என்ன வேண்டுமோ அதைப் பார்த்துத்தான் அது போடப்பட்டிருக்கிறது.

இன்னொரு சிக்கல் வரைபடத்தைப் பார்த்தால்தான் தெரியும். 2021 நவம்பரில் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள், 5 மண்டலங்கள். அதற்கு முன்பு பம்மல் ஒரு ஊர், செம்பாக்கம் ஒரு ஊர், சிட்லபாக்கம் ஒரு ஊர், பெருங்களத்தூர் ஒரு ஊர். ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் மனைப்பிரிவுகளுக்கு அனுமதி கொடுத்து வளர்ந்தது. பக்கத்து ஊரோடு இணைக்கும் குறுக்குச் சாலையைப் பற்றிக் கவலைப்பட யாரும் இல்லை. போதாததற்கு நடுவில் ஏரிகள், விமானப்படைத் தளம், பெரிய கல்லூரி வளாகங்கள், வடக்கே விமான நிலையம். தெருக்கள் பலவும் ஏதோ ஒரு மதில் சுவரில் போய் முட்டி நின்றுவிடும். இதனால் என்ன ஆகிறது? இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் பள்ளிக்குப் போகிற பிள்ளையும் ஜி.எஸ்.டி. சாலைக்கோ வேளச்சேரி சாலைக்கோ ஏறியே ஆக வேண்டும். நெடுந்தூர லாரியும் பள்ளிப் பிள்ளையின் சைக்கிளும் ஒரே தாரில் ஓடுகின்றன. உங்கள் விபத்துகளின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன். ஓட்டுநர்களின் ஒழுக்கக் குறைவு இதற்கு அப்புறம்தான் வருகிறது.

இறப்பவர்கள் யார் என்று பாருங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி நாடு முழுக்க 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 44.5 சதவீதம் இருசக்கர வண்டியில் போனவர்கள், 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். இரண்டையும் சேர்த்தால் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105 விபத்துகள், 17,884 இறப்புகள். ஒரு சாலைத் திட்டம் உயிரைக் காக்கும் என்று யார் சொன்னாலும், இந்த மூன்றில் இரண்டு பங்குக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். காருக்கு ஒரு லேன் கூடுதலாகக் கிடைப்பதால் நடப்பவருக்கு எதுவும் கிடைத்துவிடாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இரும்புலியூருக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலை எட்டு வழியாக இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு நான்கு லேன், லேனுக்கு மூன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 14 மீட்டர். சாதாரணமாக நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துத்தான் சிக்னல் நேரத்தைக் கணக்கிடுவார்கள். அப்படியானால் பாதிச் சாலையைக் கடக்கவே 12 விநாடி ஆகும். முட்டி வலியோடு நடக்கும் 70 வயதுப் பாட்டிக்கு 17, 18 விநாடி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி 12 விநாடியில் 200 மீட்டர் வந்துவிடும். அதாவது நான்கு லேனிலும் 200 மீட்டருக்கு ஒரு வண்டியும் இல்லாத இடைவெளி கிடைத்தால்தான் ஒருவர் நிம்மதியாக மீடியன் (சாலை நடுவில் உள்ள தடுப்பு) வரை போக முடியும். காலை எட்டரை மணிக்கு அப்படியொரு இடைவெளி எப்போது வரும்? வரவே வராது. அதனால்தான் மக்கள் லேன் லேனாக முன்னேறி, வண்டிகளுக்கு நடுவே நின்று நின்று கடக்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு "ஜனங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்று சொல்வது நியாயமில்லை. வேறு வழி இல்லாதவர்கள் அவர்கள்.

நடைமேம்பாலம் இருக்கிறதே என்பார்கள். சாலைக்கு மேலே குறைந்தது ஐந்தரை மீட்டர் இடைவெளி விட்டுத்தான் அதைக் கட்ட வேண்டும். பாலத்தின் தடிமனையும் சேர்த்தால் ஏற நாற்பது படி, இறங்க நாற்பது படி. லிஃப்டோ எஸ்கலேட்டரோ வைத்தாலும் பராமரிப்பு நின்றதும் அவையும் நின்றுவிடுகின்றன. காய்கறிப் பையோடு வருகிறவர், கர்ப்பிணி, சக்கர நாற்காலியில் இருப்பவர் எல்லாம் ஏறி இறங்க வேண்டும். வண்டியில் உட்கார்ந்திருப்பவர் பிரேக்கைக்கூடத் தொட வேண்டாம். இந்த ஏற்பாட்டின் நியாயமே தலைகீழாக இருக்கிறது. ரயில் நிலைய நடைமேடையிலிருந்து நேராகச் சாலையின் மறுபக்கம் போய் இறங்குகிற பாலம் என்றால் அது வேறு கதை. பயணி ஏற்கெனவே மேலே இருக்கிறார், அப்படியே நடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். அப்படிப்பட்ட பாலத்தை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். தரையிலிருந்து ஏறி மறுபடியும் தரைக்கே இறங்கும் பாலத்தைப் பெரும்பாலானவர்கள் தவிர்க்கத்தான் செய்வார்கள்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது தரைமட்டக் கடவை, அதாவது தரையிலேயே சாலையைக் கடக்கும் இடம். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் மனுவில் எழுதிவிடுங்கள். "ஜீப்ரா கிராசிங் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். எட்டு வழிச் சாலையில் சிக்னல் இல்லாத வெள்ளைக் கோடு யாரையும் காப்பாற்றாது. அதைவிட மோசம், கோட்டை நம்பி இறங்குகிறவரை அது சிக்கவைக்கும். கடவையில் நடப்போருக்கான சிக்னல் வேண்டும். மக்கள் ஏற்கெனவே கடந்துகொண்டிருக்கும் இடத்திலேயே அது அமைய வேண்டும். ஐந்நூறு மீட்டர் தள்ளி வசதியான இடம் பார்த்துப் போட்டால் யாரும் அங்கே போக மாட்டார்கள். நடுவில் மீடியனை வெட்டி, குறைந்தது இரண்டு மீட்டர் அகலத்துக்கு நின்று கொள்ள ஒரு திட்டு வேண்டும். அப்போது ஒரு பக்கத்தைக் கடந்து, மூச்சு வாங்கி, அடுத்த பக்கத்தைக் கடக்கலாம். வண்டிகளுக்கான நிறுத்தக் கோடு கடவையிலிருந்து சில மீட்டர் பின்னால் தள்ளி இருக்க வேண்டும். முதல் லேனில் பேருந்து நின்றால் அடுத்த லேனில் வருகிற பைக்குக்குக் கடப்பவர் தெரிய மாட்டார், அதற்காகத்தான் இந்த இடைவெளி. கடவைக்கு நேர் மேலே விளக்கு வேண்டும். சிவப்புக்காகக் காத்திருக்கும் நேரம் குறைவாக இருக்க வேண்டும். இரண்டு நிமிடம் காக்கவைத்தால் யார்தான் நிற்பார்கள்?

இதைச் சொன்னால் போக்குவரத்து போலீஸ் தரப்பில் வழக்கமாக வருகிற பதில், "சிக்னல் வைத்தால் விமான நிலையம் வரைக்கும் நெரிசல் போகும்" என்பது. இதற்கு ஒரு பதில் இருக்கிறது. ஏற்கெனவே இருக்கிற வாகன சிக்னல்களோடு கடவை சிக்னலை ஒத்திசைத்தால், வண்டிகள் எப்படியும் அடுத்த சிக்னலில் நிற்கப் போகிற நேரத்தில்தான் இங்கே நிற்கும். மொத்தத் தாமதம் பெரிதாக அதிகரிக்காது. சரி, கொஞ்சம் கூடினாலும்தான் என்ன? அரை நிமிடத் தாமதத்தையும் ஒரு உயிரையும் ஒரே தராசில் வைக்கிற பேச்சை எந்த அதிகாரியின் முன்னாலும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்தது வேகம். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதைத் தெருவில் வைத்துப் பார்ப்போம். காய்ந்த சாலை, நல்ல பிரேக், ஓட்டுநர் சுதாரிக்க ஒரு விநாடி என்று வையுங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் ஏறக்குறைய 13 மீட்டரில் நின்றுவிடும். 60-இல் வருகிற கார் நிற்க 36 மீட்டருக்கு மேல் வேண்டும். 25 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை சாலைக்குள் ஓடி வந்தால், முதல் கார் பாதித் தூரத்திலேயே நின்றிருக்கும். இரண்டாவது கார் பிரேக் பிடித்தபடியே 45 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அந்தக் குழந்தையை மோதும். இரண்டு ஓட்டுநர்களும் சமமான திறமைசாலிகள்தான், சமமான கவனத்தோடு ஓட்டியவர்கள்தான். வித்தியாசம் வேகத்தில் மட்டுமே இருந்தது.

சென்னை மாநகரக் காவல்துறை 2023 நவம்பரில் கார்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கும் பைக்குகளுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லோருக்கும் 30 என்று வரம்பு வைத்தது. தாம்பரத்துக்கு 2022 ஜனவரி முதல் தனிக் காவல் ஆணையரகம் இருக்கிறது. ஆகவே உங்கள் பகுதிக்கான வரம்பை அங்கே கேட்டு, பலகையாகச் சாலையில் வைக்கச் சொல்லுங்கள். ஆனால் பலகை மட்டும் போதாது. ஓட்டுநர் பலகையைப் பார்த்து வேகத்தை முடிவு செய்வதில்லை, சாலையின் அகலத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். லேன் மூன்றரை மீட்டருக்கு மேல் விரிந்து கிடந்தால் கால் தானாக ஆக்ஸிலேட்டரை அழுத்தும். ஊருக்குள் லேனை 3 முதல் 3.25 மீட்டராகச் சுருக்கிக் கோடு போட்டால் வேகமும் குறையும், மிச்சமாகிற அகலம் நடைபாதைக்கும் போகும். இதற்கு நிலம் எடுக்க வேண்டாம், கோர்ட் வழக்கு வராது, செலவும் கம்மி. இதைக் கேட்கிற நலச்சங்கங்களைத்தான் அதிகம் பார்க்க முடிவதில்லை.

இந்த இடத்தில் மேம்பாலத்தைப் பற்றி. பல்லாவரம் மேம்பாலம் 2020-இல் திறந்தது, மேடவாக்கத்தில் இரண்டு கிலோமீட்டர் நீளப் பாலம் 2022-இல் திறந்தது. நெரிசல் சிக்னல்களைத் தாண்ட அவை உதவுகின்றன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாலத்தின் மேல் தடையில்லாமல் வந்த வண்டி, இறங்குகிற இடத்திலும் அதே வேகத்தில்தான் இருக்கும். அந்த இறக்கத்துக்குப் பக்கத்திலேயே பேருந்து நிறுத்தமும் பள்ளி வாசலும் கடைத்தெருவும் இருந்தால் அங்கே புதிதாக ஒரு ஆபத்து பிறக்கிறது. பாலத்துக்குக் கீழே சர்வீஸ் சாலை குறுகி, நடைபாதை காணாமல் போகிறது. பாலம் வந்தே தீரும் என்றால், திட்டம் வரைபடமாக இருக்கும்போதே இறங்கும் இடங்களில் கடவை எங்கே, பேருந்து எங்கே நிற்கும், கீழே நடக்க இடம் எங்கே என்ற மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். கட்டி முடித்த பிறகு கேட்டால் எதுவும் நடக்காது.

ராங் சைடில் வருகிறவர்களைப் பற்றி உங்கள் மனுவில் கோபமாக ஒரு பத்தி இருக்கிறது. கோபம் புரிகிறது. ஆனால் அபராதம் மட்டும் இதைத் தீர்க்காது. வண்டி ஓட்டம் தடைபடக் கூடாது என்று மீடியனில் இருந்த திறப்புகளை ஒவ்வொன்றாக மூடிவிட்டு, யு-டர்னை ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி வைத்தால், நூறு மீட்டர் தூரத்தில் இருக்கும் பெட்ரோல் பங்குக்குப் போக மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டியதாகிவிடும். எதிர்த் திசையில் ஓரமாகப் போகிறவர்கள் எந்த இடத்தில் அதிகம் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். பெரும்பாலும் மூடப்பட்ட திறப்புக்கும் அடுத்த யு-டர்னுக்கும் நடுவில்தான் இருப்பார்கள். அந்தக் குறிப்போடு போனால், எங்கே சிக்னலோடு கூடிய திருப்பம் வேண்டும், எங்கே சர்வீஸ் சாலையை இருவழியாக்கலாம் என்று பேச முடியும்.

சந்திப்புகளுக்கு வருவோம். வேளச்சேரி சாலையிலும் முடிச்சூர் சாலையிலும் ஒரு தெரு வந்து சேரும் முனையைக் கவனியுங்கள். முனையிலேயே ஒரு கார் நிற்கும், அதற்கு முன்னால் தள்ளுவண்டி, அதற்கு முன்னால் ஷேர் ஆட்டோ. தெருவிலிருந்து வெளியே வருகிறவருக்கு வலப்பக்கம் எதுவும் தெரியாது. வண்டியின் மூக்கைச் சாலைக்குள் நீட்டினால்தான் பார்வையே கிடைக்கும். நியூயார்க்குக்கு எதிரே ஆற்றுக்கு அக்கரையில் ஹோபோகன் என்று ஒரு சின்ன நகரம் இருக்கிறது, மக்கள்தொகை சுமார் 60,000. 2017-க்குப் பிறகு பல ஆண்டுகள் அங்கே சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. அவர்கள் செய்த காரியங்களில் முக்கியமானது மிக எளிமையானது: தெருமுனைகளில் வண்டி நிறுத்துவதைத் தடுத்து, அந்த இடத்தில் கம்பமோ செடித்தொட்டியோ சைக்கிள் ஸ்டாண்டோ வைத்துவிட்டார்கள். முனை திறந்தது, ஒருவரை ஒருவர் பார்க்க முடிந்தது. நம் ஊரில் "நோ பார்க்கிங்" பலகை வைத்தால் பலகைக்குக் கீழேயே வண்டி நிற்கும், அதனால் கம்பம் நட்டே ஆக வேண்டும். ஷேர் ஆட்டோக்காரர்களை விரட்டுவதும் தீர்வாகாது. பேருந்து போகாத இடத்துக்கெல்லாம் மக்களைக் கொண்டு சேர்ப்பவர்கள் அவர்கள். முனையிலிருந்து இருபது, முப்பது மீட்டர் தள்ளி நிற்பதற்கு ஒரு இடம் வரைந்து கொடுங்கள் என்று கேளுங்கள். பேருந்து நிறுத்தமும் முடிந்தவரை சந்திப்பைத் தாண்டித்தான் இருக்க வேண்டும்.

வேகத்தடை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நள்ளிரவில் தார் கொட்டி யாரோ போட்டுவிட்டுப் போகிற குட்டை மேடுகள் பைக்கில் வருகிறவரைத் தூக்கி எறிகின்றன, ஆம்புலன்ஸில் படுத்திருப்பவரை உலுக்குகின்றன. இந்திய சாலைப் பேரவையின் விதிப்படி, 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்குவதற்கான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டதாக, வட்ட வளைவாக இருக்க வேண்டும். முன்கூட்டியே பலகை, மேலே ஒளிரும் வண்ணக் கோடு, அருகில் தெருவிளக்கு. பள்ளி வாசல்களில் இதை இன்னும் கொஞ்சம் மேம்படுத்தி, கடவையையே நடைபாதை உயரத்துக்கு மேடாக்கிவிடலாம். பிள்ளைகள் கீழே இறங்காமல் நடப்பார்கள், வண்டிதான் ஏறி இறங்கும்.

நடைபாதை: தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரம். இதுவும் அதே பேரவையின் வழிகாட்டுதல்தான். நம் பகுதியில் நடைபாதை என்ற பெயரில் இருப்பது மழைநீர் வடிகாலின் மேல்மூடி. அரை மீட்டர் உயரத்தில் ஓடும், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வெட்டுப்படும், நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும். அதில் ஏறி இறங்கி நடப்பதைவிட ரோட்டிலேயே நடந்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். தார் போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டால் வீடுகள் பள்ளத்துக்குப் போவதோடு, தார் விளிம்பும் கத்தி போல எழுந்து நிற்கும். பைக் சக்கரம் அதில் வழுக்கி விழுந்தவர்களை உங்கள் தெருவிலேயே கேட்டால் சொல்வார்கள். 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் தேங்கிய சாலையில் திறந்து கிடக்கும் வடிகால் மூடியும் சாலைப் பாதுகாப்பு விஷயம்தான். பருவமழைக்கு முன்பே வார்டு வாரியாக மூடிகளைச் சரிபார்க்கச் சொல்லி மனுவில் ஒரு வரி சேருங்கள்.

நடைபாதை கேட்பதை ஏதோ சலுகை கேட்பதாக நினைக்க வேண்டாம். கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில்தான் நாட்டின் சாலைப் பாதுகாப்பு குறித்த பல உத்தரவுகளும் வந்தன. அதே வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொல்லிவிட்டது. இதை மேற்கோள் காட்டுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 198ஏ பிரிவையும் காட்டுங்கள். சாலை வடிவமைப்பு விதிகளைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால், அந்தச் சாலைக்குப் பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அது சொல்கிறது. தொகை சிறியதுதான். ஆனால் தவறு ஓட்டுநருடையது மட்டுமல்ல, சாலையைப் போட்டவருக்கும் பொறுப்பு உண்டு என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டுவிட்டது.

பேருந்தைப் பற்றிப் பேசாமல் பாதுகாப்பைப் பேச முடியாது. பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்கள் கூடினால் பைக்கில் போகிறவர்கள் குறைவார்கள், அதிகம் பேர் சாவது பைக்கில்தான். 2021-இல் தொடங்கிய பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் இந்த வகையில் பெரிய உதவி. ஆனால் வீட்டிலிருந்து நிறுத்தம் வரையிலான அந்த ஒரு கிலோமீட்டர்தான் ஆளைப் பைக்குக்குத் தள்ளுகிறது. உள்தெருக்களுக்குச் சிற்றுந்து கேளுங்கள், அதுவும் ரயில் நேரத்தோடு பொருந்துகிற மாதிரி. கிளாம்பாக்கத்தில் நடந்ததை எல்லோரும் பார்த்தோம். 2023 டிசம்பர் 30 அன்று பிரம்மாண்டமான பேருந்து முனையம் திறந்தார்கள், பக்கத்திலேயே ரயில் பாதை ஓடுகிறது, ஆனால் திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. வெளியூரிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் ஊரப்பாக்கமோ வண்டலூரோ போய் ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. முதலில் ரயில் நிலையமும் சாலையைக் கடக்கும் பாதையும், அப்புறம் முனையம் என்பதுதான் சரியான வரிசை.

சரி, யாரிடம் கேட்பது? இங்கேதான் நலச்சங்கங்கள் சோர்ந்துபோகின்றன, ஏனென்றால் சாலை ஒன்று, சொந்தக்காரர்கள் பலர். ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பகுதி மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில், இன்னொரு பகுதி தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கையில். உள்தெருக்களும் அவற்றின் விளக்கும் வடிகாலும் மாநகராட்சியுடையவை. சிக்னலும் திருப்பங்களும் போக்குவரத்துக் காவல்துறை. பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகம் (எம்.டி.சி.), நிலைய வாசல் தெற்கு ரயில்வே, நிலப் பயன்பாட்டுத் திட்டம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.). இவர்களையெல்லாம் ஒருங்கிணைக்கத்தான் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி கும்டா என்ற பெருநகரப் போக்குவரத்து ஆணையம் வந்தது, ஆனால் அது நடைமுறையில் இயங்கத் தொடங்கவே பத்தாண்டுக்கு மேல் ஆனது. ஒரே மனுவைப் பிரதி எடுத்து எல்லோருக்கும் அனுப்பினால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். சாலையில் நடந்து பார்த்து, எந்தத் துண்டு யாருடையது என்று வரைந்துகொண்டு, அவரவர் பங்கை மட்டும் அவரவரிடம் கேளுங்கள்.

இவர்கள் பெரும்பாலும் ஒரே மேசையில் உட்காருகிற இடம் மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழு. தலைவர் மாவட்ட ஆட்சியர், உங்களுக்கு செங்கல்பட்டு ஆட்சியர். அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் உங்கள் இடம் ஏற வேண்டும். அதற்கு முன் தகவல் உரிமைச் சட்டத்தில் காவல் ஆணையரகத்துக்கு ஒரு மனு போட்டு, கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் சாலையில் பதிவான விபத்துகளின் இடம், நேரம், வாகன வகை, பாதிக்கப்பட்டவர் நடந்தவரா ஓட்டியவரா என்ற விவரங்களை மட்டும் கேளுங்கள். பெயர்கள் வேண்டாம். ஐ.ஐ.டி. மெட்ராஸும் தேசியத் தகவல் மையமும் உருவாக்கிய ஐராட் செயலி வந்த பிறகு விபத்து நடந்த இடத்தைக் குறித்துப் பதிவு செய்யும் வழக்கம் வந்துவிட்டது, ஆகவே விவரம் இல்லை என்று சொல்ல முடியாது.

அந்த விவரத்தைக் கொண்டு பார்க்கும்போது ஒன்று கவனத்தில் இருக்கட்டும். தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டர் தூரத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள், அல்லது 10 மரணங்கள் நடந்திருந்தால்தான் அது கரும்புள்ளி என்று அறிவிக்கப்படும். ஒரு இடம் மிக ஆபத்தாகி, வயதானவர்களும் பிள்ளைகளும் அங்கே கடப்பதையே விட்டுவிட்டால் அங்கே விபத்து எண்ணிக்கை குறைந்துவிடும், பட்டியலிலும் வராது. அதனால் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் நின்று, எத்தனை பேர் கடக்கிறார்கள், எத்தனை முறை வண்டி திடீரென்று பிரேக் அடிக்கிறது என்று எண்ணுங்கள். கல்லூரி மாணவர்கள் இதற்குச் சந்தோஷமாக வருவார்கள். இந்தக் கணக்கும் போலீஸ் விவரமும் சேர்ந்தால் உங்கள் மனு வெறும் புகாராக இல்லாமல் ஆதாரமாக நிற்கும். உள்தெரு வேலைகளுக்கு வார்டு கவுன்சிலரையும் பகுதி சபைக் கூட்டத்தையும் பிடியுங்கள், அங்கே தீர்மானம் போட்டால் மண்டல அலுவலகத்தில் அது எழுத்தில் இருக்கும்.

நடுவே ஒரு விஷயம், இதை உங்கள் உறுப்பினர்கள் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். விபத்து நடந்தால் 108-ஐக் கூப்பிடத் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை வரம்புக்குட்பட்டு அரசே ஏற்கிறது. அடிபட்டவரை நல்லெண்ணத்தோடு கொண்டு சேர்க்கிறவரை எந்த வழக்கிலும் இழுக்க முடியாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது.

கடைசியாக, எப்போது கேட்பது என்பது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15.46 கிலோமீட்டருக்கு மெட்ரோ நீட்டிப்புத் திட்டம் வகுத்திருக்கிறார்கள். அது ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியே வருகிறது. வேலை தொடங்கினால் சாலை முழுக்கத் தோண்டப்படும், பிறகு புதிதாகப் போடப்படும். அந்தப் புதிய சாலையில் நடைபாதை எவ்வளவு அகலம், தரைக் கடவை எத்தனை, மெட்ரோ நிலையத்தின் வாசல் சாலையின் இரண்டு பக்கமும் இறங்குமா, தோண்டிக் கிடக்கும் ஆண்டுகளில் மக்கள் எந்த வழியாக நடப்பார்கள் என்பதெல்லாம் டெண்டர் ஆவணத்திலேயே எழுதப்பட வேண்டியவை. அதே போல சி.எம்.டி.ஏ.வின் மூன்றாவது முழுமைத் திட்டம் 2027 முதல் 2046 வரைக்கானது. மதில் சுவரில் முட்டி நிற்கிற உங்கள் தெருக்களை ஒன்றோடொன்று இணைக்கும் குறுக்குச் சாலைகள் அந்த வரைபடத்தில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் இன்னும் இருபது ஆண்டுகளுக்கு உங்கள் பேரப்பிள்ளைகளும் பள்ளிக்குப் போக நெடுஞ்சாலைக்குத்தான் ஏற வேண்டியிருக்கும். உங்கள் வார்டில் விடுபட்டிருக்கும் இணைப்புகளை இப்போதே சர்வே எண்ணோடு வரைந்து, சி.எம்.டி.ஏ.வுக்கும் கும்டாவுக்கும் தனித்தனியாக அனுப்பி, ஒப்புகை வாங்கி வையுங்கள்.